பக்கத்துக்கு ஆறு தையல்

ஐம்பத்தெட்டாம் வருஷம் சித்திரை மாதம், ஒரு வெள்ளிக்கிழமை, செவந்தி முன்னால் கொசுவம் வைத்துச் சேலை கட்டிக்கொண்டு கல்லுக்கிடங்குக்கு வந்தாள். நார்த்தாமலைக்கு மேற்கே இருந்த கிடங்கு அது. வெயில் நன்றாக ஏறக்கூட இல்லை, அதற்குள் பாறை உள்ளங்காலைப் பொசுக்கியது. ஜல்லி உடைத்துக்கொண்டிருந்த பெண்கள் பதினோரு பேரும் சுத்தியலை நிறுத்திவிட்டுப் பார்த்தோம்.

எங்கள் பக்கத்தில் கூலிக்குப் போகிறவர்கள் பின்கொசுவம்தான் கட்டுவோம். கெண்டைக்கால் தெரிய ஏற்றிச் செருகினால்தான் கல்லுச்சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு மேடேற முடியும். முன்கொசுவம் பள்ளிக்கூடத்து டீச்சரம்மா கட்டுகிற கட்டு. போதாததற்கு ஜாக்கெட் வேறு போட்டிருந்தாள். எங்களில் பாதிப் பேருக்கு அப்போது ஜாக்கெட்டே கிடையாது, இருந்தவர்களும் திருவிழாவுக்குத்தான் போட்டோம். இவளுடையது கத்தரிப்பூ நிறம். தோளில் பப்புக் கை உப்பிக்கொண்டு நின்றது. கீழே இடுப்பு வரைக்கும் இறங்கியிருந்தது. கொண்டையில் கனகாம்பரம்.

"யாருடி இது, அன்னவாசல் டூரிங் கொட்டகையிலேர்ந்து எறங்கி நேரா வர்றது?" என்றாள் பொன்னுத்தாய்.

"படம் விட்டுருச்சா? டிக்கெட்டுக் கிழிச்சவன எங்க காணோம்?" என்றாள் இன்னொருத்தி.

நானும் என் பங்குக்குச் சொன்னேன். "சட்டி தூக்குனா பப்பு அமுங்கிரும்டி செவந்தி. ஒனக்குப் பதிலா மேஸ்திரியத் தூக்கச் சொல்லு."

எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்காதவள் பிச்சையம்மாள் ஒருத்திதான். அவள் செவந்தியின் மாமியார். மூத்த மகன் வீட்டில் இருந்துகொண்டு, எங்களோடு ஜல்லி உடைக்க வருவாள். குனிந்த தலை நிமிராமல் கல்லைப் பார்த்தே பேசினாள்.

"பெத்தத மண்ணுல வச்சு ஆறு மாசம் ஆகல. பவுசு கேக்குது பவுசு."

அதோடு சிரிப்பு நின்றுவிட்டது. செவந்தி சும்மாட்டைச் சுருட்டிக் கனகாம்பரத்துக்கு மேலேயே வைத்து, முதல் சட்டியைத் தூக்கினாள்.

அவளுக்கு அப்போது நாலாம் மாதம். அது எங்களுக்குத் தெரியாது. பிற்பாடு அவள் சொன்னதையும், தையல்கார இன்னாசியம்மாள் சொன்னதையும், நான் கண்ணால் பார்த்ததையும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

செவந்தியின் புருஷன் திருப்பதி கல் பிளக்கிறவன். அவர்கள் இருந்தது பாறைச் சரிவுக்குக் கீழே ஒரு பனையோலைக் குச்சு. மழை பெய்தால் பாறைத் தண்ணீர் அத்தனையும் அந்தக் குச்சுக்குள் நுழைந்துதான் மறுபக்கம் போகும். முந்தின ஐப்பசியில் பதினோரு நாள் விடாமல் அடித்தது. அவர்களுடைய முதல் பிள்ளை பிறந்து பத்தொன்பது நாள். கீழே விட இடமில்லை. உரலைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் இருவரும் மாறி மாறி உட்கார்ந்து மடியில் வைத்திருந்தார்கள். மழையின் எட்டாம் நாள் பிள்ளைக்கு உதடு நீலம் பாரித்தது. ஒன்பதாம் நாள் புதைக்கப் போனபோது குழியிலும் தண்ணீர் ஊறியது. திருப்பதி வேட்டியைக் கழற்றித் தண்ணீரை ஒற்றி எடுத்துவிட்டுத்தான் வைத்தான். அதை நான் பார்த்தேன்.

மறுபடி நாள் தள்ளிப்போனது என்று தெரிந்ததும் செவந்தி விரல் விட்டு எண்ணினாள். பிரசவம் ஐப்பசியில் வந்து நின்றது.

"மேட்டுல நாலு சுவரு வேணும். தரைய முழங்கால் ஒயரத்துக்குத் தூக்கணும். ஆவணிக்குள்ள கூரை ஏறிரணும்," என்றாளாம் புருஷனிடம்.

"பெரியண்ணன் கைய வைக்க மாட்டாரு புள்ள. தெரியாதா ஒனக்கு?"

மண் சுவர் வைக்கிறவர் பெரியண்ணன். பிள்ளைத்தாச்சி இருக்கிற குடும்பத்தில் கடைக்கால் எடுக்கக்கூடாது, சுவர் ஏற்றக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். பிள்ளை பிறந்து தீட்டுக் கழிந்த பிறகுதான் மண்வெட்டியைத் தொடுவார்கள். பெரியண்ணன் ஒருமுறை பாதிச் சுவரில் கேள்விப்பட்டு, குழைத்த மண்ணை அப்படியே போட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டு போனவர். அந்தச் சுவர் மழையில் கரைந்தே போயிற்று.

"தெரிஞ்சாத்தான?" என்றாள் செவந்தி.

"எப்புடி ஒளிப்ப? போன தடவ அஞ்சாம் மாசமே எடுப்பாத் தெரிஞ்சுச்சு."

"அது பின்கொசுவம். சீலை வயித்தோட ஒட்டும். டீச்சர் கட்டுல மடிப்பு பூரா முன்னால விழுகும். மேல ஒரு நீளச் சட்டை போட்டுக்கிட்டா ஒண்ணும் தெரியாது."

"ஊரு சிரிக்குமே."

"சிரிக்கட்டும். சிரிக்கிறவ எவளும் வயித்தப் பாக்க மாட்டா. பப்புக் கையத்தான் பாப்பா."

அவள் சொன்னது அப்படியே நடந்தது. நாங்கள் கையைத்தான் பார்த்தோம்.

இன்னாசியம்மாள் அன்னவாசல் ரோட்டில், கோயில் தெருவை ஒட்டி ஒரு கை மெஷின் வைத்திருந்தாள். புருஷன் இல்லாதவள், கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு சிலுவை. அளவு நாடாவைச் செவந்தியின் நெஞ்சைச் சுற்றிப் போட்டவள், கையை எடுக்காமல் கேட்டாள்.

"எத்தனை மாசம் தாயி?"

செவந்தி அழுதுவிட்டாள். விஷயத்தைக் கேட்டுவிட்டு இன்னாசியம்மாள் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

"ஒரே அளவுல தைச்சா அடுத்த மாசமே பிடிக்கும். துணிய நெறைய உள்ள விட்டு, பக்கத்துக்கு ஆறு ஓட்டுத் தையல் போட்டுத் தாரேன். மாசம் பொறந்ததும் ஒண்ணப் பிரிச்சு விட்டுக்க. வைகாசிக்கு ஒண்ணு, ஆனிக்கு ஒண்ணு. கடேசித் தையல் ஐப்பசிக்கு. அதப் பிரிக்கையில நீ புது வீட்டுல இருப்ப."

"யார்ட்டயும் சொல்லிராதீங்க அக்கா."

"எங்க மாதாகிட்டகூடச் சொல்ல மாட்டேன், போ."

வயிற்றை மறைத்தால் மட்டும் போதாது. கிடங்கின் வாயில் ஒரு கருப்பர் கல் நட்டு வைத்திருந்தோம். மாதவிலக்கான பெண்கள் அதைத் தாண்டி உள்ளே வரக்கூடாது. மூன்று நாள் வெளியே புங்கமரத்தடியில் தள்ளி உட்கார்ந்து ஜல்லி உடைக்கவேண்டும். கஞ்சியைத் தூரத்தில் வைத்துவிட்டு வருவோம், தண்ணீரைக் கைபடாமல் ஊற்றுவோம். எவளுக்கு எப்போது என்று எல்லோருக்கும் எல்லோருடையதும் தெரியும். ஒருத்தி இரண்டு மாதம் புங்கமரத்துக்குப் போகாவிட்டால் மூன்றாம் மாதம் புளியங்காய் கொண்டுவந்து கொடுத்துக் கேலி பண்ணுவோம்.

ஆகையால் செவந்தி மாதம் தவறாமல் போய் உட்கார்ந்தாள். கருப்பர் கல்லைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவாள். பொய்த் தீட்டு என்று சாமிக்குத் தெரியுமே என்கிற பயம். "ஆனாலும் அந்த மூணு நாளுதான் எனக்கு ஓய்வுக்கா," என்று பின்னாளில் சொன்னாள். பிள்ளைத்தாச்சி என்று தெரிந்தால் சந்தனம் மேஸ்திரியே கீற்றுப் பந்தலுக்கு அடியில் உட்கார்த்தி வைப்பான், அதுவும் வழக்கம்தான். தெரியாததால் அவள் மற்ற நாளெல்லாம் சட்டி தூக்கினாள். கிடங்கின் அடியிலிருந்து மேட்டுக்கு எழுபது படி. படி என்றால் வெட்டின படி இல்லை, கால் வைத்து வைத்து வழுவழுத்த பாறை.

வைகாசி பத்தாம் தேதி கடைக்கால் எடுத்தார்கள். கண்மாய் வறண்டு கிடந்தது, மண்ணுக்குப் பஞ்சமில்லை. கிடங்கு விட்ட பிறகு பொழுது சாயும் வரைக்கும் வேலை. திருப்பதி மண் வெட்டிச் சுமந்தான். வைக்கோலைத் தூவிக் குழைத்து மிதிப்பது பிச்சையம்மாள். வாய் ஓயாமல் மருமகளைத் திட்டிக்கொண்டே மிதிப்பாள்.

"டீச்சரம்மா கட்டுச் சீலையாடி? அதக் கட்டிக்கிட்டு எறங்கி மிதி பாப்போம்."

"நான் தண்ணி எடுத்தாரேன் அத்தே."

"தண்ணிதான் எடுப்ப. மண்ணு பட்டா மடிப்புக் கலஞ்சிரும்ல?" என்பாள். மிதிக்க இறங்கினால் சேலையைத் தூக்கிச் செருகவேண்டும், செருகினால் வயிறு தெரியும் என்பது அவளுக்கு எப்படித் தெரியும்? கொஞ்ச நேரத்தில் அவள் குரலே இளகிவிடும். "மழைக்கு முன்னாடி கூரை ஏறட்டும் ஆத்தா. அப்புறம் பெத்துக்க. அடுத்தது இதுக்குள்ளதான் பொறக்கணும். நனையாம வளரணும்."

செவந்தி குடத்தைத் தூக்கிக்கொண்டு ஊருணிக்குப் போய்விடுவாள்.

ஒரு முழ உயரத்துக்கு ஒரு படை மண். அது காய்ந்த பிறகுதான் அடுத்த படை. ஆனியில் மூன்றாம் படை ஈரமாக இருந்தபோது கோடைமழை ஒன்று வந்து மேல்பக்கச் சுவரைக் கரைத்துவிட்டது. பெரியண்ணன் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"என்னமோ தட்டுது திருப்பதி. நான் வச்ச சுவரு இப்புடி விழுந்ததில்ல. வீட்டுல ஏதும் இருக்கா?"

"ஒண்ணுமில்ல மாமா."

"செவந்தி?"

"போன வாரந்தான மாமா தள்ளி உக்காந்திருந்தேன். முத்துமாரியக்காளக் கேளுங்க."

என்னைத்தான் சொன்னாள். நான் அங்கே நின்றுகொண்டிருந்தேன். "ஆமாண்ணே, நாந்தான் கஞ்சி வச்சேன்," என்றேன். பெரியண்ணன் எழுந்து மண்வெட்டியை எடுத்தார்.

ஆடிக்காற்று சுவரை நன்றாகக் காயவைத்தது. ஆனால் அந்தப் பதினைந்து நாள் தாமதம் தாமதம்தான். புரட்டாசியில் வீடு குடிபோக மாட்டார்கள். ஆவணி இருபத்தொன்பது கடைசி நல்ல நாள். அன்றைக்குப் பால் காய்ச்சாவிட்டால் ஐப்பசி மழைக்கு மறுபடி அந்தக் குச்சுதான்.

ஆவணியில் செவந்திக்கு முகம் வெளுத்துப்போயிற்று. பவுடர் பூசினாள். அதற்கும் சொன்னோம். கேழ்வரகுக் கூழும் சுட்ட கருவாடும் அவள் முன்னால் வைத்தால், வாங்கித் துணியில் மூடிவைத்துக்கொண்டு, "சினிமாக்காரி கூழு குடிப்பாளாக்கா?" என்று அவளே எங்கள் கேலியைத் திருப்பிச் சொல்லிச் சிரிப்பாள். ஜாக்கெட்டில் நாலு தையல் பிரிந்திருந்தது.

இருபத்தேழாம் தேதி, வியாழக்கிழமை. கூரைச் சட்டத்துக்குப் பனங்கை ஏற்றிவர விடியுமுன்பே திருப்பதியும் பெரியண்ணனும் வண்டி கட்டிக்கொண்டு குடுமியான்மலைப் பக்கம் போய்விட்டார்கள். சாயங்காலம் வந்து, மறுநாள் கூரை ஏற்றி, அதற்கு மறுநாள் பால் காய்ச்சவேண்டும் என்று ஏற்பாடு.

காலையில் செவந்தி ஏழு சட்டி தூக்கினாள். எட்டாவதைத் தூக்கிவிடக் குனிந்த நான் அவள் சேலையின் பின்புறம் கறையைப் பார்த்தேன்.

"அடியே, போ, போ. வெளிய போ. கருப்பர் கல்லத் தாண்டி நிக்கிற பாரு."

அவள் திரும்பி, தன் சேலையைத் தானே பார்த்தாள். அந்த முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அப்போது அது வெட்கம் என்று எண்ணிக்கொண்டேன். சட்டியை வைத்துவிட்டு மெதுவாகப் புங்கமரத்துக்குப் போனாள்.

மத்தியானம் நான்தான் கஞ்சி கொண்டுபோனேன். மரத்தில் சாய்ந்து, காலை மடக்கி, வயிற்றோடு சுருண்டிருந்தாள். பக்கத்தில் ஜல்லி ஒன்றுகூட உடைபடவில்லை. பத்தடி தள்ளிச் சட்டியை வைத்தேன்.

"இந்தத் தடவ ரொம்ப வலியோ?"

"ஆமாக்கா."

"பெருங்காயம் கரைச்சுத் தரச் சொல்லவா?"

"வேணாக்கா." கஞ்சிச்சட்டியைப் பார்த்தாள். பிறகு, "கிட்ட வாக்கா," என்றாள்.

"எதுக்குடி?"

"சும்மா. என் கைய ஒருக்காப் பிடிச்சுக்க."

"கிறுக்கா ஒனக்கு? நாளைக்குக் கருப்பருக்குப் பொங்க வைக்கிறது எங்க மொறை. ஒன்னையத் தொட்டா தலைக்குக் குளிக்கணும், ஊருணி எங்கிட்டு இருக்கு, நான் எங்கிட்டு இருக்கேன்."

"சரிக்கா. நீ போ."

நான் போய்விட்டேன்.

அந்த நேரத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று எத்தனையோ தடவை அவளிடம் கேட்டிருக்கிறேன். "ரெண்டு நாளுதானக்கா," என்றாள். "வாயத் தொறந்தா மாமா கூரை ஏத்தாம எறங்கிருவாரு. பல்லக் கடிச்சுக்கிட்டு ரெண்டு நாளத் தள்ளிட்டா, அப்புறம் படுத்தே கெடக்கலாம்னு நெனச்சேன்."

அதற்குப் பிறகு நாங்கள் யாரும் அந்தப் பக்கம் போகவில்லை. கிடங்குக்குள் இருபது சுத்தியல் சத்தம். அதையும் மீறி ஒருமுறை ஏதோ கேட்டது. பொன்னுத்தாய், "நாயி ஊளையிடுதோ?" என்றாள். பிச்சையம்மாள் சுத்தியலை நிறுத்திக் காதுகொடுத்துவிட்டு மறுபடி அடித்தாள்.

வேலை விட்டு வெளியே வந்தபோது முதலில் பார்த்தவள் பிச்சையம்மாள்தான். புங்கமரத்தின் வேரோரமாக, கஞ்சிச்சட்டி வரைக்கும் இரத்தம் வந்திருந்தது. அதில் ஈ. செவந்தி சும்மாட்டுத் துணியைச் சுருட்டி வாய்க்குள் வைத்துக் கடித்திருந்தாள்.

நாங்கள் அப்போதும் நின்றுகொண்டுதான் இருந்தோம். தீட்டுக்காரியைத் தன் ஆயுசில் தொட்டறியாத கிழவி பிச்சையம்மாள்தான் ஓடினாள். மருமகளின் சேலை மடிப்பை இரண்டு கையாலும் பிய்த்து விலக்கினாள்.

"அய்யோ வயிறுடி! வயிறுடி இது! இம்புட்டு வயித்த எங்கடி வச்சிருந்த பாவி!"

அதற்கப்புறம்தான் நாங்கள் போனோம். கிடங்குப் பெண்கள் சேலையைப் பிடித்து மறைப்புக் கட்டினோம். பிள்ளை எங்கள் கண்முன்னால்தான் வந்தது. பெண். விரல்கள் எல்லாம் இருந்தன, நகம்தான் இன்னும் சரியாக இல்லை. அழவில்லை. வாயை இரண்டு மூன்று தரம் மீன்குஞ்சு மாதிரி திறந்தது. பிச்சையம்மாள் அதைத் தன் வெறும் மாரோடு அணைத்துக்கொண்டு, சூடு ஏற்றுகிறவள் போலத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். நாங்கள் போதும் என்று சொல்கிறவரை தேய்த்தாள்.

வெளிச்சம் மங்குகிற நேரத்தில் பனங்கை ஏற்றிய வண்டி வந்தது. யாரும் போய்ச் சொல்லவில்லை. வண்டியை விட்டு இறங்கிவந்த திருப்பதி, பெண்டாட்டி கிடந்த கிடையையும் அம்மா மடியில் இருந்த துணிச்சுருளையும் பார்த்துவிட்டு மாட்டின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். பெரியண்ணனுக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"ஒளிச்சுட்டியேடா திருப்பதி. எங்கையால சுவரு வைக்க வச்சுட்டியேடா. நான் கேட்டேனே, வாயத் தொறந்து கேட்டேனே."

திருப்பதி மாட்டின் கழுத்தை விடவில்லை.

"அந்தச் சுவருதான் காவு வாங்கிருக்கு. நான் இனி அதுல ஏற மாட்டேன். வேற ஆளப் பாத்துக்க."

அவர் நாலடி போயிருப்பார். பிச்சையம்மாள் உட்கார்ந்த இடத்திலிருந்தே கூப்பிட்டாள். சத்தம் போடாத குரல்.

"பெரியண்ணே. நில்லு. பிள்ளைத்தாச்சி இருக்கற வீட்டுக்குத்தான சுவரு ஏத்தக்கூடாது?"

அவர் திரும்பிப் பார்த்தார்.

"இப்ப யாரு இருக்கா பிள்ளைத்தாச்சி? அவ வயிறு காலியாப் போச்சு. இனி ஒனக்கு என்ன தடை? நாளைக்கு வந்து ஏறு."

பெரியண்ணன் அங்கேயே நின்றார். மறுநாள் வந்து கூரை ஏற்றினார். கருப்பருக்கு நான் பொங்கல் வைக்கவில்லை.

ஆவணியில் பால் காய்ச்சவும் முடியவில்லை, தீட்டு. ஐப்பசி முதல் வாரம் குடிபோனார்கள். மூன்றாம் நாளே மழை பிடித்துக்கொண்டது. எங்கள் குச்சுகளில் எல்லாம் தண்ணீர். நானும் இன்னும் நாலைந்து பேரும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு செவந்தி வீட்டுக்குப் போனோம். ஒரு சொட்டு ஒழுகவில்லை. சாணம் மெழுகிய தரை பொருபொருவென்று காய்ந்து கிடந்தது. பெரியண்ணன் வேலை பெரியண்ணன் வேலைதான்.

செவந்தி பின்கொசுவம் கட்டியிருந்தாள். சுவரோரம் உட்கார்ந்து மாமியாருக்குத் தலை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்கிட்டச் சொல்லிருக்கலாமுல்ல ஆத்தா?" என்றாள் கிழவி, முகத்தைத் திருப்பாமல். முதல் தடவை கேட்கிற மாதிரி இல்லை.

"சொல்லியிருந்தா மண்ணு மிதிச்சிருப்பீகளா அத்தே?"

கிழவி தலையை இன்னும் கொஞ்சம் தாழ்த்திக் கொடுத்தாள். மழை ஓலைமேல் விழுந்துகொண்டிருந்தது.

கொடியில் அந்தக் கத்தரிப்பூ ஜாக்கெட் கிடந்தது. இன்னாசியம்மாள் வந்து, கொண்டா தாயி, உள்ளே பிடித்துச் சரியாகத் தைத்துத் தருகிறேன் என்று கேட்டாளாம். இவள் கொடுக்கவில்லை. ஈரக் கையைத் துடைத்துவிட்டு நான் அதை எடுத்து உள்பக்கம் திருப்பிப் பார்த்தேன். நாலு வரிசை ஊசித் துளைகள், நூல் இல்லாமல். அதற்கு அப்பால் இரண்டு தையல் பிரிக்காமல் அப்படியே இருந்தன, நெருக்கமாக, நேராக, இரண்டு பக்கமும். அப்போது எனக்கு எழுத்துத் தெரியாது. எண்ணத் தெரியும். புரட்டாசிக்கு ஒன்று, ஐப்பசிக்கு ஒன்று.

செவந்தி என்னைப் பார்த்தாள்.

"இருந்த எடத்துல வச்சுரு அக்கா," என்றாள். "ஈரம் பட்டுரப்போகுது."